ஊருக்குப் போகும் பெட்டியில் என்ன சேர்ட் வைப்பது?

ஆடி, ஆவணியில் பள்ளி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போகும் குடும்பங்களில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உடுப்பு எடுக்கும் வேலை மாதக்கணக்கில் நடக்கும். ஆண்களோ புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, அலுமாரியில் கைக்கு அகப்பட்ட நாலு ரீசேர்ட்டைத் திணித்துப் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். பிறகு நல்லூர்த் தேர்முட்டியடியில் நின்றுகொண்டு, முதுகோடு ஒட்டிய துணியை விரலால் இழுத்து இழுத்து விடுவார்கள். அவர்கள் எந்த விமானத்தில் வந்து இறங்கினார்கள் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஊரவர்கள் அந்த ஒரு அசைவிலிருந்தே சொல்லிவிடுவார்கள்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் கோடைகால உடுப்பு என்று கடைகளில் தொங்குபவற்றில் பெரும்பாலானவை, சூரியன் சாய்ந்ததும் தணிந்துவிடும் வெயிலுக்காகத் தைக்கப்பட்டவை. யாழ்ப்பாணத்தில் அந்த மாதங்களில் பகல் வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டும். இரவிலும் 25க்குக் கீழே இறங்குவது அரிது. கடற்காற்று எட்டாத வவுனியா போன்ற இடங்களில் பகல் இன்னும் கடுமை. இந்தச் சூட்டைவிடக் கூடுதலாக வாட்டுவது காற்றிலுள்ள ஈரம். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடம்பிலிருந்து ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. ஆவியாகாமல் முதுகில் வழிந்தோடும் வியர்வையால் அந்த உதவி கிடைக்காது. உடம்புக்கும் துணிக்கும் இடையில் காற்று ஓடினால்தான் ஆவியாகும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று இலவசமாகக் கிடைக்கிறது. அதை உள்ளே விடுகிற சேர்ட்டைப் போட்டால் பாதி வேலை முடிந்தது.

நூலிலிருந்து தொடங்குவோம். வழமையான ஆய்வுகூட நிலையில் பருத்தி தன் எடையில் சுமார் 8 வீதம் ஈரத்தை இழைக்குள்ளேயே வைத்திருக்கும். லினனுக்கு இது 12 வீதமளவில் இருக்கும். ரேயோன் அல்லது விஸ்கோஸுக்கு 11 முதல் 13. பொலியெஸ்டருக்கு 0.4 வீதம் மட்டுமே. பொலியெஸ்டர் சேர்ட்டுக்குள் வியர்வை ஏன் பிளாஸ்டிக் உறைக்குள் போல நிற்கிறது என்பதற்கு இந்த எண்ணே விளக்கம். உடற்பயிற்சிக்கென்று விற்கும் மெல்லிய பொலியெஸ்டர் ரீசேர்ட்டுகளை முழுதாகக் குறைசொல்ல மாட்டேன். காலையில் ஓடப்போகிறவருக்கும் சைக்கிள் மிதிக்கிறவருக்கும் காற்று அடிக்கிறபடியால் அவை விரைவில் உலர்ந்துவிடும். அதே ரீசேர்ட்டோடு கலியாண வீட்டுக் கதிரையில் மூன்று மணித்தியாலம் இருந்து பாருங்கள். ஒட்டும், கூடவே மணக்கும். உடல் வாடையைப் பருத்தியைவிடப் பொலியெஸ்டர் விடாப்பிடியாகப் பிடித்துவைத்திருக்கும். கழுவினாலும் முழுதாகப் போகாது.

பருத்தி என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. சுருங்காது, மினுக்கத் தேவையில்லை என்று விற்கப்படும் பருத்திச் சேர்ட்டுகளின் இழையில் ஒருவகைப் பிசின் ஏற்றியிருப்பார்கள். அது பருத்தியின் உறிஞ்சும் குணத்தைக் குறைத்துவிடும். அலுவலகத்துக்கு நல்லது, ஊருக்கு ஆகாது. கழுத்துச் சுட்டியில் பெரிய எழுத்தில் பருத்தி என்றும், உள்ளே விலாப்பக்கச் சுட்டியில் சிறிய எழுத்தில் 60 வீதப் பருத்தி, 40 வீதப் பொலியெஸ்டர் என்றும் இருப்பது வெகு சாதாரணம். வாங்குமுன் அந்த விலாச் சுட்டியைத் தேடி வாசியுங்கள்.

அடுத்தது நெசவு. பருத்தியிலேயே ஒக்ஸ்ஃபோர்ட் நெசவு தடிப்பாகவும், பொப்லின் மெல்லியதாகவும், வொயில் அதைவிட மெல்லியதாகவும் வரும். சதுர மீற்றருக்கு 100 முதல் 130 கிராம் எடையுள்ள நெய்த துணி இந்த வெயிலுக்குத் தோதானது. வழமையான ரீசேர்ட் துணி 150க்கு மேலே போகிறது, அதுவும் உடம்போடு படிந்து கிடக்கும் பின்னல் துணி. ஆகவே மெல்லிய, நெய்த, கழுத்துப் பட்டை வைத்த அரைக்கைச் சேர்ட் ரீசேர்ட்டைவிடக் குளிர்ச்சி. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் இதை நம்பவே மாட்டார்கள். மேடு பள்ளமாகச் சுருக்கி நெய்த சீர்சக்கர் துணி கிடைத்தால் விடாதீர்கள். அதன் மேடுகள் மட்டுமே தோலில் தொடும், மினுக்கும் வேலையும் இல்லை.

கடையில் எடைக் கணக்கை யாரும் சொல்ல மாட்டார்கள். சேர்ட்டின் முதுகுப் பக்கத்தை ஒற்றை மடிப்பாகப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். நூலுக்கு நூல் இடையில் ஊசிமுனை வெளிச்சம் தெரியவேண்டும். பிறகு துணியை வாயருகே வைத்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று தாராளமாகப் பட்டால் நல்லது. கன்னம் உப்பினால் அதைத் திரும்பவும் கொழுவியில் மாட்டிவிடுங்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சேர்ட்டுகளுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு நிற்கிறதா, உடனே பரவுகிறதா? பரவுகிறதை எடுத்துப் பெட்டியில் வையுங்கள்.

லினனைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். குளிர்ச்சியில் அதற்கு இணை இல்லை. விறைப்பான நூல் என்பதால் உடம்பில் ஒட்டாமல் எட்டி நிற்கும். ஆனால் கொழும்பிலிருந்து ஏ9 வீதியால் ஏழெட்டு மணித்தியாலம் வான் வண்டியில் குந்தியிருந்து வந்து இறங்கும்போது படுத்தெழும்பிய பாய் மாதிரி இருக்கும். பெரியம்மா பார்த்த உடனே 'கழற்றித் தாடா, மினுக்கித் தாறன்' என்பார். அந்தக் கசங்கலைப் பொறுக்கக்கூடியவர்கள் லினன் போடுங்கள். கூச்சப்படுகிறவர்களுக்குப் பருத்தியும் லினனும் கலந்த துணி. ரேயோன் பூப்போட்ட சேர்ட்டுகள் வழுவழுவென்று சுகமாக இருக்கும். நனைந்தால் ரேயோன் இழை தன் பலத்தில் பெரும்பங்கை இழந்துவிடும். கிணற்றடிக் கல்லில் ஒரு தரம் அடித்துத் துவைத்தால் தையலோரம் பிரிந்து வரும்.

நிறத்தில் ஊருக்கு ஊர் கணக்கு வேறு. வலிகாமத்துச் செம்மண்ணில் வெள்ளைச் சேர்ட்டோடு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறினால், இறங்கும்போது முதுகில் செங்கல் நிறப் புழுதி படிந்திருக்கும். சுண்ணாகமும் கோப்பாயும் சுற்றப்போகிறவர்கள் மண்ணிறச் சாயல், வெளிறிய பச்சை, சின்னக் கட்டம், சின்னப் பூ என்று எடுத்தால் அழுக்கும் தெரியாது, வியர்வையும் தெரியாது. வியர்வையை அப்பட்டமாகக் காட்டிக்கொடுப்பவை சாம்பலும் வெளிர்நீலமும். வெள்ளையிலும் கடும்நீலத்திலும் ஈரம் அவ்வளவாகத் தெரியாது. வெயிலுக்கு வெள்ளைதான் பாதுகாப்பு என்று நினைத்துவிடவும் வேண்டாம். மெல்லிய வெள்ளைப் பருத்தி, அதுவும் நனைந்துவிட்டால், புற ஊதாக் கதிரை நிறையவே உள்ளே விடும். கசூரினாக் கடற்கரையில் நாள் முழுக்க நிற்கப்போகிறவர் கொஞ்சம் கடும் நிறத்தில், தளர்வான முழுக்கைச் சேர்ட் போடட்டும்.

என்றாலும் வெற்று வெள்ளைச் சேர்ட் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். போய் இறங்கிய அன்றைக்கே செத்த வீட்டுக்குப் போகவேண்டி வரலாம். பூப்போட்டதோடு அங்கே போய் நிற்க முடியாது.

அளவு. வெளிநாட்டுக் கடைகளில் உடம்போடு இறுக்கிப் பிடிக்கும் வெட்டு நிறையவே கிடைக்கும். மார்புச் சுற்றளவைவிடச் சேர்ட்டின் சுற்றளவு 10 முதல் 15 சென்ரிமீற்றர் கூடுதலாக இருந்தால்தான் காற்று ஓடும். கைக்குழியும் இறுகக் கூடாது. அக்குளில் துணி கவ்வினால் வேர்க்குரு அங்கேதான் முதலில் போடும். அடிவிளிம்பு நேராக வெட்டியிருந்தால் காற்சட்டைக்கு வெளியே விட்டுக்கொண்டு போனாலும் ஒழுங்காகத் தெரியும். கழுத்துப் பட்டைக்குள் தடித்த தாள் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். விறைத்த பட்டை கழுத்தை அவிக்கும். மேல் தெறி இல்லாமல் விரிந்து கிடக்கும் பட்டை நல்லது. நெஞ்சுப் பையையும் மறக்கவேண்டாம். கோயிலில் வேட்டியோடு நிற்கும்போது தொலைபேசியை வைக்க வேறு இடம் கிடையாது. முன்னால் தெறியும் வேண்டும்: நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். அங்கே சேர்ட்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டோ இடுப்பில் செருகிக்கொண்டோ கும்பிடவேண்டும். தலையால் இழுத்துக் கழற்றும் இறுக்கமான ரீசேர்ட்டோடு வந்தவர், நாலு பேரின் முகத்தில் முழங்கை படாமல் அந்தக் கூட்டத்தில் அதைக் கழற்றுவது பெரும் வித்தை. முன்னால் தெறி வைத்த சேர்ட் என்றால் ஒரு நிமிட வேலை.

உள்ளே பெனியன் போடுவதா என்பதில் அப்பாக்களுக்கும் மகன்மாருக்கும் ஒத்துவராது. அது இன்னொரு அடுக்குத் துணி. சூடு கூடத்தான் செய்யும். மெல்லிய வெள்ளைச் சேர்ட்டுக்குள் கையில்லாத பெனியன் போடுவது பார்வைக்கு நல்லது. மற்றவற்றுக்குத் தேவையில்லை என்பது என் கட்சி.

மார்கழி, தையில் போகிறவர்களுக்குக் கணக்கு மாறும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை. துணி காய ஒரு நாளுக்கு மேல் எடுக்கும், டெங்கும் கூடும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. உடம்போடு ஒட்டிய துணிக்கு மேலாலேயே நுளம்பு குத்திவிடும் என்பதால் முழுக்கையும் தளர்வாக இருக்கவேண்டும். விமானத்துக்கும் குளிரூட்டிய பஸ்ஸுக்கும் அதே முழுக்கைச் சேர்ட் உதவும்.

சேர்ட்டில் என்ன படம், என்ன எழுத்து என்பது இலங்கையில் வெறும் இரசனைப் பிரச்சினை இல்லை. 2014இல் கையில் புத்தர் உருவத்தைப் பச்சைகுத்தியிருந்த பிரித்தானியச் சுற்றுலாப் பயணி ஒருவரைப் பிடித்து நாடு கடத்தினார்கள். அது தவறு என்று உயர்நீதிமன்றம் 2017இல் அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆனால் அவருடைய விடுமுறை போனது போனதுதான். தாய்லாந்தில் வாங்கிய புத்தர் படச் சேர்ட்டுகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். விடுதலைப் புலிகள் இயக்கம் அங்கே தடைசெய்யப்பட்டது. அதன் சின்னமோ தலைவரின் படமோ உள்ள ரீசேர்ட் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதாகும் அளவுக்குக் கொண்டுபோய்விடலாம். வெளிநாட்டு ஊர்வலத்துக்குப் போட்ட ரீசேர்ட்டுகள் பெட்டியின் அடியில் கிடக்கின்றனவா என்று ஒருமுறை கிளறிப் பாருங்கள். இராணுவ உடுப்பைப் போன்ற பச்சைத் திட்டுக் கோலமும் வேண்டாம்.

எத்தனை கொண்டுபோவது? ஐந்தாறு போதும். சோளகம் அடிக்கும் நாளில் காலையில் கொடியில் போட்டது மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். உட்பக்கத்தை வெளியே திருப்பிக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் அந்த வெயில் நிறத்தைத் தின்றுவிடும். குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது. சவர்க்காரம் நுரைக்காது, சரியாக அலசாவிட்டால் துணி விறைத்து வெள்ளை மங்கும். மெழுகு பூசிச் சாயமிட்ட பற்றிக் சேர்ட் வாங்கினால் முதல் இரண்டு மூன்று தரம் தனியாகக் கழுவுங்கள். சாயம் கழன்று மங்குவதையே சிறப்பு என்று விளம்பரப்படுத்தி மெட்ராஸ் கட்டத் துணியை 1960களில் அமெரிக்கரிடம் விற்றார்கள். உங்கள் வெள்ளை வேட்டிக்கு அந்த விளம்பரம் புரியாது.

உண்மையில் பெட்டியைப் பாதி வெறுமையாகக் கொண்டுபோய் அங்கே தைப்பிப்பது மிக நல்லது. 58 அங்குல அகலத் துணியில் 1.6 மீற்றர் இருந்தால் ஒரு சேர்ட் வரும். பெரிய உடம்புக்காரர் தையற்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பருத்தித் துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டே தைக்கக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் முதல் கழுவலில் கை இரண்டும் மேலே ஏறிவிடும். வாயால் அளவு சொல்வதைவிட, உங்களுக்குச் சரியாக இருக்கும் பழைய சேர்ட் ஒன்றை அளவுக்குக் கொடுங்கள். வந்திறங்கிய முதல் இரண்டு நாளுக்குள் கொடுங்கள். 'நாளைக்குத் தாறன்' என்று தையற்காரர் சொல்வதில் எத்தனை நாளைக்கு அடங்கியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். தீபாவளிக்கும் வருடப் பிறப்புக்கும் கிட்ட என்றால் ஊரிலுள்ள சொந்தக்காரர் மூலம் துணியை முன்கூட்டியே கொடுத்துவைப்பது புத்தி.

மாமாவுக்கும் மச்சானுக்கும் சேர்ட் கொண்டுபோகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். மார்கழி மலிவு விற்பனையில் வாங்கிய தடித்த, பெரிய முத்திரை குத்திய போலோக்கள் ஊர் அலுமாரிகளில் உறை பிரிக்காமல் அடுக்கிக் கிடக்கின்றன. யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். மச்சானிடம் மார்பு அளவைக் கேட்டு, நெஞ்சுப் பை வைத்த மெல்லிய பொப்லின் அரைக்கை ஒன்று வாங்கிக் கொடுங்கள். அடுத்தமுறை போகும்போது அவர் அதைப் போட்டுக்கொண்டு உங்களைக் கூட்டிப்போகப் பலாலி விமான நிலையத்துக்கு வருவார்.