மேட்பிளாட்லிப் ஆவணத்தில் எழுத்துப்பிழையைத் திருத்துவது எப்படி: திருத்த இரண்டு நிமிடம், தேட ஒரு மாலை

பைத்தானில் வரைபடம் வரைய உதவும் மேட்பிளாட்லிப்பில் ஒரு ஹிஸ்டோகிராம் போடுவதற்காக அதன் ஆவணத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியத்தில் ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு தடவை வந்திருந்தது. யாராவது பார்த்துச் சரிசெய்வார்கள் என்று விட்டுவிட்டேன். சில மாதம் கழித்து அதே பக்கத்துக்குப் போனால் அது அப்படியே இருக்கிறது. சரி, நாமே செய்துவிடலாம், ஐந்து நிமிட வேலைதானே என்று உட்கார்ந்தேன், ஒரு மாலை முழுக்கப் போய்விட்டது. சொல்லை அழிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மிச்ச நேரமெல்லாம் அந்தச் சொல் எந்தக் கோப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று தேடியதில் கரைந்தது.

இந்தத் திட்டத்தின் கோப்புகள் இருக்கும் கிட்ஹப்பில் கணக்கு தொடங்குவது, கிட் நிறுவுவது, ஃபோர்க் என்றால் என்ன என்பதற்கெல்லாம் ஏற்கெனவே நிறைய விளக்கங்கள் இருக்கின்றன, அவற்றை இங்கே தொடப்போவதில்லை. நேராக வேலைக்கு வருவோம்.

முதலில்: பிழை இன்னும் இருக்கிறதா?

தேடுபொறி வழியாக வந்தால் பெரும்பாலும் கடைசியாக வெளியான பதிப்பின் பக்கமோ, சில சமயம் மிகப் பழைய பதிப்பின் பக்கமோதான் திறக்கும். பக்கத்தின் மேலே பதிப்பை மாற்றும் பட்டியல் இருக்கிறது. அதில் 'டெவ்' (இன்னும் வெளியாகாத, வளர்ந்துகொண்டிருக்கும் பதிப்பு) என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பக்கத்தைப் பாருங்கள். அங்கே பிழை இல்லையென்றால் யாரோ திருத்திவிட்டார்கள், அடுத்த வெளியீட்டில் வந்துவிடும். இருந்தால், திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்களில் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி மற்றவர்கள் அனுப்பிய கோரிக்கைகள்) அந்தச் சொல்லைப் போட்டு ஒரு தடவை தேடிவிடுங்கள். இரண்டு பேர் ஒரே காற்புள்ளிக்கு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

அடுத்து: அந்த வரி எங்கே இருக்கிறது?

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். ஆவணம் என்றால் 'டாக்' ஃபோல்டரில்தான் எல்லாம் இருக்கும் என்று நினைத்தேன். அது மூன்றில் ஒரு இடம்தான். முதல் வெளியீடு 2003-ல் வந்த திட்டம், எத்தனையோ கைகள் பட்டு வளர்ந்தது, அதனால் நீங்கள் இணையத்தில் பார்க்கும் ஒரு பக்கத்தின் எழுத்து மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வந்திருக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்து ஹெச்டிஎம்எல் ஆக்குவது ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவி.

நிறுவும் முறை, பங்களிப்பாளர் வழிகாட்டி, வெளியீட்டுக் குறிப்பு போன்ற பக்கங்கள் 'டாக்' ஃபோல்டரில் ஆர்எஸ்டி (எளிய குறிகளோடு எழுதும் ஒரு உரை வடிவம்) கோப்புகளாக இருக்கின்றன. இவை சுலபம்.

படங்களோடு வரும் எடுத்துக்காட்டுகளும் பயிற்சிப் பாடங்களும் ஆர்எஸ்டி கோப்புகளே இல்லை, பைத்தான் கோப்புகள். 2023-லிருந்து இவை 'கேலரிஸ்' என்ற ஃபோல்டரில் இருக்கின்றன, அதனால் பழைய வழிகாட்டி எதிலாவது வேறு ஃபோல்டர் பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். பக்கத்தின் அடியில் பைத்தான் கோப்பைத் தரவிறக்க ஒரு இணைப்பு இருக்கும், அதில் தெரியும் கோப்புப் பெயரைத் தேடினால் போதும். விளக்க வாக்கியங்கள் கோப்பின் உச்சியில் உள்ள டாக்ஸ்ட்ரிங்கிலும் (நிரலோடு சேர்த்தே எழுதும் விளக்கம்), நடுவே கமென்ட்டாகவும் இருக்கும். கமென்ட் வரியைத் திருத்தும்போது முன்னால் உள்ள ஹேஷ் குறியைத் தின்றுவிடாதீர்கள், தின்றால் அது கமென்ட் இல்லை, நிரல்.

மூன்றாவது வகைதான் என் மாலையைத் தின்றது. ஃபங்ஷன்களின் பக்கங்கள் நிரலுக்குள்ளேயே இருக்கும் டாக்ஸ்ட்ரிங்குகளிலிருந்து வருகின்றன. நான் பார்த்தது மேட்பிளாட்லிப்பின் ஒரு பகுதியான பைபிளாட்டில் ஹிஸ்டோகிராம் வரையும் 'ஹிஸ்ட்' ஃபங்ஷனின் பக்கம். ஃபங்ஷன் பெயருக்குப் பக்கத்தில் 'சோர்ஸ்' என்று ஒரு இணைப்பு இருந்தது, அட, இவ்வளவு சுலபமா என்று சொடுக்கினேன். கிட்ஹப்பில் பைபிளாட் கோப்பு திறந்தது. அங்கே ஹிஸ்ட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, டாக்ஸ்ட்ரிங்கைக் காணோம்! வெறும் சில வரிகள், உள்ளே இன்னொரு ஹிஸ்ட்டை அழைத்துவிட்டு முடிந்துவிடுகிறது. பென்சில் குறியைச் சொடுக்கிப் பார்த்தால் அதுவும் வேலை செய்யவில்லை.

இரண்டுக்கும் காரணம் பிறகுதான் புரிந்தது. பைபிளாட்டில் உள்ள பல ஃபங்ஷன்கள் கையால் எழுதப்பட்டவை அல்ல. 'டூல்ஸ்' ஃபோல்டரில் உள்ள பாய்லர்பிளேட் என்ற ஸ்கிரிப்ட் அவற்றை உருவாக்குகிறது, அவற்றின் டாக்ஸ்ட்ரிங் ஓடும்போதுதான் ஆக்சீஸ் கிளாஸில் இருக்கும் அதே பெயருள்ள மெத்தடிலிருந்து (கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன்) நகலாகிறது. ஆக, உண்மையான வரி இருப்பது 'லிப்' ஃபோல்டருக்குள், 'ஆக்சீஸ்' என்ற உள் ஃபோல்டரில், அடிக்கோட்டில் தொடங்கும் ஆக்சீஸ் கோப்பில். அங்கே ஒரு இடத்தில் திருத்தினால் பைபிளாட் பக்கம், ஆக்சீஸ் பக்கம் இரண்டும் சரியாகிவிடும். பென்சில் வேலை செய்யாததற்குக் காரணம் இதைவிடச் சின்னது: வெளியான பதிப்பின் பக்கத்திலிருந்து போகும் சோர்ஸ் இணைப்பு அந்தப் பதிப்பின் டேக்குக்கு, அதாவது வெளியான அன்றைய நிலையில் உறைந்த நகலுக்குப் போகிறது. டேக்கில் எதையும் திருத்த முடியாது. மேலே இடதுபுறம் கிளையை 'மெயின்' என்று மாற்றிக்கொண்ட பிறகுதான் பென்சில் உயிர்பெறும்.

எந்த வகை என்று தெரியாவிட்டால் ரெப்போ (திட்டத்தின் கோப்புகள் எல்லாம் இருக்கும் களஞ்சியம்) முழுவதையும் தேடுவதே நல்லது. நான் கிட்டோடு வரும் 'கிட் கிரெப்' கட்டளையைத்தான் பயன்படுத்துகிறேன், கூடவே வரி எண் காட்டும் 'என்' விருப்பத்தையும் சேர்த்துக்கொள்வேன். ஆனால் பக்கத்திலிருந்து முழு வாக்கியத்தை நகலெடுத்து ஒட்டித் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. மூலத்தில் வாக்கியம் பாதியில் மடங்கி அடுத்த வரிக்குப் போயிருக்கும். பக்கத்தில் சாய்வாகவோ நிரல் எழுத்திலோ தெரியும் சொல்லைச் சுற்றி நட்சத்திரக் குறியோ பேக்டிக்கோ (சாய்ந்த ஒற்றை மேற்கோள் குறி) இருக்கும். அதனால் அடுத்தடுத்து வரும் இரண்டு மூன்று சாதாரணச் சொற்களை மட்டும் எடுத்துத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் அதே வாக்கியத்தின் வேறு மூன்று சொற்கள்.

அப்படியும் கிடைக்கவில்லையா? நீங்கள் பார்ப்பது ஒரு நீண்ட பண்புப் பட்டியலாக இருக்கலாம், நிறம், கோட்டின் தடிமன், ஒளிபுகும் அளவு என்று பல பக்கங்களில் ஒரே மாதிரி வருமே, அது. அந்தப் பட்டியலை யாரும் தட்டச்சு செய்யவில்லை. ஒவ்வொரு பண்பையும் மாற்றும் 'செட்' மெத்தடின் டாக்ஸ்ட்ரிங்கிலிருந்து நிரலே அதைத் திரட்டி ஒட்டுகிறது. பண்பின் பெயருக்கு முன்னால் 'செட்' சேர்த்து அந்த மெத்தடைத் தேடிப் போங்கள்.

அது உண்மையிலேயே பிழைதானா?

இதில் எனக்கு ஒரு அவமானக் கதை இருக்கிறது. ஒரு பக்கத்தில் 'ஆன் ஆக்சீஸ்' என்று இருந்தது. ஆக்சிஸ் ஒருமை, ஆக்சீஸ் பன்மை, பன்மைக்கு முன்னால் எப்படி 'ஆன்' வரும், இலக்கணப் பிழை என்று நாலைந்து இடத்தில் மாற்றி அனுப்பிவிட்டேன். பரிசீலித்தவர் பொறுமையாக எழுதினார்: இங்கே ஆக்சீஸ் என்பது பன்மை அல்ல, வரைபடம் வரையப்படும் முழுப் பகுதியைக் குறிக்கும் ஒரு கிளாஸின் பெயர். ஆக்சிஸ் என்பது அதற்குள் இருக்கும் எக்ஸ் அல்லது ஒய் அச்சு. நம் எழுத்தில் குறில் நெடில் வித்தியாசம்தான், அவர்கள் ஆவணத்தில் அது வேறு பொருள். இந்தத் திட்டத்தில் பெரிய எழுத்தில் தொடங்கும் சொல்லைக் கண்டால் கை வைப்பதற்கு முன் அது கிளாஸ் பெயரா என்று பாருங்கள்.

அதேபோல் 'ஃபில்' என்ற சொல்லில் மூன்று எல் இருப்பதைப் பார்த்தால் விரல் துறுதுறுக்கும். அது டெக் என்ற அச்சுக்கோப்பு மொழியிலிருந்து வந்தது. அங்கே விரியும் இடைவெளிக்கு ஒரு எல், இரண்டு எல், மூன்று எல் என்று மூன்று வலிமைகள் உண்டு. மேட்பிளாட்லிப்பின் கணிதச் சமன்பாட்டு நிரலும் அதையே எடுத்துக்கொண்டது. ஃபங்ஷன், பாராமீட்டர் பெயர்களில் உண்மையிலேயே பிழை இருந்தாலும் ஆவணத் திருத்தமாக அதை மாற்றக் கூடாது, மாற்றினால் மற்றவர்களின் நிரல் உடையும். உலாவி இணையப் பக்கங்களைக் கேட்டு வாங்கும் ஹெச்டிடிபி நெறிமுறையில் 'ரெஃபரர்' என்ற சொல்லில் ஒரு ஆர் குறைவாகப் போய், அந்தப் பிழையே தரநிலையாகி இன்றுவரை ஒவ்வொரு உலாவியும் அதைத் தப்பாகவே அனுப்பிக்கொண்டிருக்கிறது. கிரே நிறத்தை ஈ போட்டோ ஏ போட்டோ எழுதினாலும் மேட்பிளாட்லிப் ஏற்கும், அதையும் 'திருத்த' வேண்டாம்.

திருத்துவது

ஒரே ஒரு சொல் என்றால் உலாவியிலேயே பென்சில் குறி போதும், ஃபோர்க்கை கிட்ஹப்பே போட்டுக்கொடுத்துவிடும். நாலைந்து கோப்பு என்றால் ரெப்போ பக்கத்தில் இருந்துகொண்டு விசைப்பலகையில் முற்றுப்புள்ளியை அழுத்துங்கள், உலாவிக்குள்ளேயே முழு எடிட்டர் திறக்கும். என்னைக் கேட்டால் எழுத்துப்பிழைக்காக ஆவணம் முழுவதையும் கணினியில் கட்டிப் பார்ப்பதெல்லாம் வேண்டாத வேலை. அத்தனை எடுத்துக்காட்டுகளையும் ஓட்டிப் படம் வரைந்து முடிக்க நீண்ட நேரம் பிடிக்கும்.

கணினியில்தான் செய்வேன் என்றால், எடிட்டரில் சேமிக்கும்போது தானாக ஒழுங்குபடுத்தும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். நான் அணைக்காமல் ஒரு எழுத்தை மாற்றிச் சேமித்தேன், மாற்றப் பட்டியலில் பார்த்தால் நூற்றுக்கணக்கான வரிகள் சிவப்பும் பச்சையுமாக. வரி நீளம் கொஞ்சம் கோணலாகிவிட்டது என்று பத்தி முழுவதையும் மடித்து அடுக்கவும் வேண்டாம், பரிசீலிப்பவருக்கு எது திருத்தம் என்றே தெரியாமல் போகும்.

ஆர்எஸ்டி தலைப்பில் பிழை இருந்தால் இன்னொரு வம்பு. தலைப்புக்குக் கீழே சமக்குறிகளால் ஒரு கோடு இருக்கும், அது தலைப்பின் நீளமாவது இருக்க வேண்டும். விடுபட்ட எழுத்து ஒன்றைச் சேர்த்தால் கோட்டிலும் ஒரு குறியைச் சேருங்கள், இல்லாவிட்டால் ஸ்ஃபிங்க்ஸ் எச்சரிக்கை தரும், எச்சரிக்கையையும் பிழையாகவே கணக்கிடுவதால், புல் ரிக்வெஸ்ட் அனுப்பியதும் தானாக ஓடும் சோதனை தோற்றுவிடும்.

எழுத்துப்பிழை தேடும் கோட்ஸ்பெல் என்ற கருவியை இந்தத் திட்டமே பயன்படுத்துகிறது. அப்படியிருந்தும் பிழைகள் எப்படித் தப்புகின்றன என்றால், அது அகராதியை வைத்துப் பார்ப்பதில்லை, அடிக்கடி வரும் தப்பான வடிவங்களின் பட்டியலை வைத்துப் பார்க்கிறது. 'ஃபிரம்' வர வேண்டிய இடத்தில் 'ஃபார்ம்' வந்தால், இரண்டும் சரியான சொற்கள்தானே, கண்டுகொள்ளாது. அங்கே மனிதக் கண்தான் வேண்டும். எல்லாவற்றையும் ஏஐயிடம் கொடுத்து மெருகேற்றி அனுப்புவது எனக்குப் பிடிக்காது, கேட்காத வாக்கியத்தையும் மாற்றி வைக்கும், திட்டத்தின் பங்களிப்பு விதிகளிலும் அதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

அனுப்புவது

புல் ரிக்வெஸ்ட்டின் தலைப்பில் எந்தப் பக்கத்தில் என்ன பிழை என்று ஒரு வரி, விளக்கத்தில் அந்தப் பக்கத்தின் இணைப்பு, அவ்வளவுதான். நாலு பிழைக்கு நாலு புல் ரிக்வெஸ்ட் வேண்டாம், ஒன்றாகக் கட்டி அனுப்புங்கள். 2020 அக்டோபரில், புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிறவர்களுக்குச் சட்டை தரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், அந்தச் சட்டைக்காக ஆளாளுக்கு ஒரு சொல்லை மாற்றி அனுப்பி, திறமூலத் திட்டங்களை நடத்துபவர்களை ஒரு வழி செய்துவிட்டார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அந்த மாதமே விதியை மாற்ற வேண்டியிருந்தது.

முதல் முறை அனுப்புகிறவர்களுக்குச் சோதனைகள் உடனே ஓடாது, ஒப்புதலுக்குக் காத்திருப்பதாகக் காட்டும். அது தோல்வி இல்லை, திட்டத்தில் ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டும். ஓடி முடிந்ததும் சோதனைகளின் பட்டியலில் சர்க்கிள்சிஐ என்ற தானியங்கிச் சேவை கட்டிய ஆவணத்துக்கு ஒரு இணைப்பு வரும், அதைத் திறந்து உங்கள் பக்கத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒருவர் நூபிளாட் என்ற இன்னொரு வரைபட மென்பொருளின் ஆவணத்துக்கும் இதே வழிதானா என்று கேட்டார். இல்லை. 1986-லிருந்து இருக்கும் அந்த மென்பொருள் (பெயரில் நூ இருந்தாலும் நூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை) கிட்ஹப்பில் இல்லை, சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற தளத்தில் இருக்கிறது, கையேட்டின் மூலம் ஒரே பெரிய கோப்பு, வடிவமும் அவர்களுடையதே. வரியின் முதல் இடத்தில் எண் இருந்தால் தலைப்பு, வெற்றிடம் இருந்தால் சாதாரண வரி. அந்த வெற்றிடத்தைத் தெரியாமல் அழித்தால் வரியின் பொருளே மாறிவிடும், கவனம்.

இன்னொருவருக்குத் திருத்தம் ஏற்கப்பட்டு ஒரு வாரமாகியும் தளத்தில் பழைய பிழையே தெரிந்ததாம். முதலில் சொன்னதுதான்: டெவ் பக்கத்தில் பாருங்கள், அங்கே மாறியிருக்கும். வெளியான பதிப்பின் ஆவணத்துக்குத் தனிக் கிளை இருக்கிறது, திருத்தத்தை அதற்கும் கொண்டுபோக வேண்டும் என்று பரிசீலிப்பவர் குறித்திருந்தால் சீக்கிரம் வரும், குறிக்கவில்லையென்றால் அடுத்த வெளியீடுவரை பொறுக்க வேண்டியதுதான்.