மஞ்சளில் மருந்து எச்சம் தேட அயனிகளைச் சேர்ப்பது எப்படி?

ஈரோடு மஞ்சளில் டெபுகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியின் எச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையில் இருப்பது கியூ எக்ஸாக்டிவ் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், அதாவது மூலக்கூறுகளை மின்சுமை கொண்ட அயனிகளாக்கி அவற்றின் நிறையை அளக்கும் கருவி. லேபுக்குப் புதியவர்கள் இதில் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய பகுதி சி-டிராப் என்ற அயனிப் பொறி.

அயனிகள் இடைவிடாமல் வருகின்றன. நிறையை அளக்கும் பகுதியான ஆர்பிட்ராப்போ தவணை தவணையாகத்தான் அளக்கிறது. போர் தண்ணீர் கொஞ்சமாக வரும் தோட்டத்தில் தொட்டியில் தேக்கி ஒரேயடியாகத் திறந்துவிடுவோமே, அந்த வேலையைத்தான் சி-டிராப் செய்கிறது. அயனிகள் கூடக்கூட சிக்னல் கூடும். ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல் கூடாது.

சரி, முதலில் பிரிதிறன், அதாவது நெருங்கிய நிறைகளைப் பிரித்துக் காட்டும் திறன். 17,500 வைத்தால் ஒரு அளவீட்டுக்கு 64 மில்லிசெகண்ட். 35,000 வைத்தால் 128. ஒன்றை அளக்கும்போதே அடுத்த தொகுதி சேர்ந்துவிடும். அதனால் 35,000இல் அதிகபட்ச சேகரிப்பு நேரத்தை 100 மில்லிசெகண்ட் வைத்தாலும் வேகம் குறையாது. சும்மா கிடைக்கும் இந்த நேரத்தை விடாதீர்கள்.

அடுத்து ஏ.ஜி.சி. இலக்கு, அதாவது எத்தனை அயனி சேர்ந்ததும் நிறுத்துவது என்ற அளவு. முழு ஸ்கேனுக்குப் பத்து லட்சம் வழக்கம். அதற்கு மேல் திணித்தால் ஒரே மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று தள்ளி, நிறை அளவே நகர்ந்துவிடும்.

மஞ்சளில் உண்மையான சிக்கல் இனிமேல்தான். மஞ்சளின் நிறமியான குர்குமின், நிறை-மின்சுமை விகிதம் 369.13இல் ஏராளமாக வரும். கருவிக்கு முன்னால் சாற்றைப் பிரிக்கும் காலத்திலிருந்து (column) டெபுகோனசோல் வெளிவரும் நேரத்திலேயே அதுவும் வந்தால், பொறி சில மில்லிசெகண்டில் குர்குமினாலேயே நிரம்பிவிடும். நாம் தேடும் டெபுகோனசோலின் 308.15க்கு இடமே இருக்காது. எனவே நிறை வடிகட்டியான குவாட்ரப்போலில் 308.15ஐ மட்டும் உள்ளே விடுங்கள். உள்ளே விடும் நிறை வரம்பான இந்த ஜன்னலின் மொத்த அகலம் 1 போதும். 3 அல்லது 4 வைத்தால் மஞ்சளிலேயே உள்ள பிஸ்டெமெத்தாக்ஸிகுர்குமின் 309.11இல் நுழைந்துவிடும், பாடுபட்டது வீண். இலக்கை ஒரு லட்சத்தில் தொடங்கலாம்.

ஓட்டி முடித்ததும் ஒவ்வொரு ஸ்கேனிலும் பதிவாகியிருக்கும் சேகரிப்பு நேரத்தைப் பாருங்கள். 100ஐத் தொட்டிருந்தால் பொறி நிரம்பவில்லை, நேரத்தைக் கூட்ட இடமிருக்கிறது. 2, 3 என்று நின்றிருந்தால் வேறெதுவோ இடத்தை அடைக்கிறது; ஜன்னலைச் சரிபாருங்கள்.

அப்புறமும் சிக்னல் மெலிந்திருந்தால், குறை அயனியாகும் இடத்திலேயே இருக்கலாம். அங்கே குர்குமின் அமுக்குவதைப் பொறியால் சரிசெய்ய முடியாது. எச்சமில்லாத மஞ்சள் சாற்றில் ஸ்டாண்டர்டை, அதாவது அளவு தெரிந்த டெபுகோனசோலைக் கலந்து ஓட்டி, தனிக் கரைப்பானில் ஓட்டியதோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் சாற்றை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள்.