குபெர்னெட்டீஸில் ஏபிஐ கேட்வேயைப் பாதுகாப்பாக மேம்படுத்துதல்: திரும்பும் வழியிலிருந்து தொடங்குவோம்

உள்ளே ஓடும் சேவைகளில் ஒன்று விழுந்தால் ஒரு வசதி மட்டும் நின்றுபோகும். வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி உரிய சேவைக்கு அனுப்பும் கேட்வே விழுந்தால், எல்லாச் சேவைகளும் நலமாக இருந்தும் ஒருவராலும் உள்ளே வர முடியாது. இந்தப் பயத்தால்தான் பலரும் கேட்வேயைத் தொடாமலே காலம் தள்ளுகிறார்கள். தள்ளத் தள்ளப் பதிப்புகளின் இடைவெளி அகலும். பிறகு ஏதோ ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியாகும் நாளில் மொத்த இடைவெளியையும் ஒரே இரவில் தாண்ட வேண்டி வரும். 2025 மார்ச்சில், குபெர்னெட்டீஸின் வாசலில் நிற்கும் இன்க்ரெஸ் என்ஜினெக்ஸ் என்ற மென்பொருளில் வெளிவந்த ஓட்டையின் கடுமை 10-க்கு 9.8. திருத்தம் 1.11.5, 1.12.1 ஆகிய பதிப்புகளில் வந்தது. அதற்கு ஒரு படி கீழே இருந்தவர்களுக்கு அது சிறு வேலை. பல பதிப்புகள் பின்தங்கியிருந்தவர்கள் பாடு வேறு.

இந்த விளக்கத்துக்கு எடுத்துக்கொண்ட உதாரணம்: குபெர்னெட்டீஸ் கிளஸ்டரில் (கன்டெய்னர்களை ஓட்டும் கணினிகளின் தொகுப்பு) ஹெல்ம் (குபெர்னெட்டீஸில் மென்பொருளை நிறுவும் கருவி) வழியாக நிறுவிய காங் கேட்வே, அமைப்புகளை வைத்திருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், நான்கு பாட்கள் (ஓடிக்கொண்டிருக்கும் கேட்வேயின் பிரதிகள்). உங்களுடையது வேறு கேட்வேயாக இருந்தால் கட்டளைகள் மாறும், வரிசை மாறாது. கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

படி 1: இப்போது ஓடுவது எது?

'ஹெல்ம் லிஸ்ட்' கொடுங்கள். இரண்டு எண்கள் தெரியும். ஒன்று சார்ட்டின் (ஹெல்ம் நிறுவும் பொதி) பதிப்பு, மற்றது அந்தச் சார்ட் இயல்பாக நிறுவும் கேட்வேயின் பதிப்பு. புதிதாக வருபவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். சார்ட்டை உயர்த்தினால் கேட்வேயும் சேர்ந்து உயரலாம். சார்ட்டுக்கு நீங்கள் கொடுக்கும் மதிப்புகள் கோப்பில் இமேஜ் (பாட்டில் ஓடும் மென்பொருள் மூட்டை) எண்ணை நீங்களே குறித்திருந்தால் கேட்வே உயராமலும் இருக்கலாம்.

அந்த இமேஜ் குறியில் 'லேட்டஸ்ட்' என்று இருந்தால், மேம்படுத்தலை இன்றைக்கு நிறுத்திவிட்டு முதலில் அதை மாற்றுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்ப நினைக்கும் நேரத்தில் 'லேட்டஸ்ட்' உங்களைப் புதியதிடமே கொண்டுபோய் விடும். முழு எண்ணைக் குறியுங்கள்.

அடுத்து 'ஹெல்ம் கெட் வேல்யூஸ்' வெளியீட்டை உங்கள் களஞ்சியத்தில் உள்ள கோப்புடன் ஒப்பிடுங்கள். யாராவது ஒருநாள் அவசரத்தில் கோப்பைத் தொடாமல் ஹெல்ம் கட்டளையிலேயே ஒரு மதிப்பைத் திருத்தியிருப்பார்கள். அந்தத் திருத்தம் எந்தக் கோப்பிலும் இருக்காது, அடுத்த மேம்படுத்தலில் சத்தமில்லாமல் அழிந்தும் போகலாம். ஹெல்மின் 'டிஃப்' செருகுநிரல் என்னென்ன மாறப்போகிறது என்பதை முன்கூட்டியே வரிவரியாகக் காட்டும்.

படி 2: மாற்றக் குறிப்புகளை வாசியுங்கள்

சலிப்பான வேலைதான். ஆனால் பாட்கள் எல்லாம் பச்சையாக இருந்துகொண்டே தவறாக வேலை செய்யும் சிக்கல்களை இதில் மட்டுமே முன்கூட்டிப் பார்க்க முடியும். காங் 3.0-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு ஒரு பாதை ரெஜெக்ஸா (எழுத்து வடிவங்களை விவரிக்கும் குறிமுறை) சாதாரண எழுத்துகளா என்பதைக் கேட்வே தானே ஊகித்துக்கொண்டது. 3.0 முதல் ரெஜெக்ஸ் பாதை அலைக்குறியோடு (~) தொடங்கியாக வேண்டும். குறி விடுபட்டால் அந்தப் பாதை எழுத்துக்கு எழுத்து பொருத்தப்படும், வருபவருக்கு 404 (அப்படியொரு பாதை இல்லை) கிடைக்கும். கேட்வே தன்னளவில் நலமாகவே இருப்பதால் எந்த உடல்நலச் சோதனையும் இதைப் பிடிக்காது.

நீங்களே எழுதிய லுவா செருகுநிரல்கள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். முன்னுரிமை எண்ணும் பதிப்பு எண்ணும் குறிக்காத செருகுநிரலை 3.0 ஏற்பதில்லை. 3.4-இல் கசாண்ட்ரா தரவுத்தள ஆதரவே நீக்கப்பட்டது. பெரிய பதிப்பைத் தாண்டும்போது உங்கள் எண்ணிலிருந்து நேராகத் தாவலாமா, நடுவில் ஒரு பதிப்பில் நின்று போக வேண்டுமா என்பதும் இந்தக் குறிப்புகளில்தான் இருக்கும்.

படி 3: பின்னால் வர முடியாத இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

பழைய நிலைக்குத் திருப்பும் 'ஹெல்ம் ரோல்பேக்' இருக்கிறதே, பிறகென்ன என்று தோன்றும். ரோல்பேக் திருப்புவது குபெர்னெட்டீஸ் பொருள்களை மட்டும்தான். அதன் கை எட்டாத இடங்கள் இரண்டு உண்டு.

முதலாவது தரவுத்தளம். மைக்ரேஷன் என்ற பெயரில் காங் தன் அட்டவணைகளை இரண்டு கட்டங்களில் மாற்றுகிறது. 'மைக்ரேஷன்ஸ் அப்' என்ற முதல் கட்டம், பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே தரவுத்தளத்தில் ஒன்றாக ஓட இடம் கொடுக்கும். 'மைக்ரேஷன்ஸ் ஃபினிஷ்' என்ற இரண்டாம் கட்டம் முடிந்தபின் பழைய பதிப்புக்கு அங்கே வேலையில்லை. சார்ட்டின் இயல்பான அமைப்பில் இரண்டும் அடுத்தடுத்துத் தானாகவே ஓடிவிடும். தொடக்கத்தில் எனக்கு இது தெரியாது. திரும்பும் வழி இருக்கிறது என்ற நம்பிக்கையில், இல்லாத வழியை நம்பி நின்றிருக்கிறேன். மதிப்புகள் கோப்பில் 'மைக்ரேஷன்ஸ்' பகுதியில் 'ப்ரீ அப்கிரேட்' உண்மை என்றும், 'போஸ்ட் அப்கிரேட்' பொய் என்றும் வையுங்கள். இரண்டாம் கட்டத்தை நாம் சொல்லும் நேரத்தில் ஓட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது சிஆர்டிகள், அதாவது கேட்வே குபெர்னெட்டீஸுக்குக் கற்றுக்கொடுத்த புதிய பொருள்வகைகள். சார்ட்டின் சிஆர்டி கோப்புறையில் இருப்பவற்றை ஹெல்ம் முதல் நிறுவலில் மட்டுமே போடும். மேம்படுத்தலில் தொடாது, ரோல்பேக்கிலும் தொடாது. தேவைப்பட்டால் புதியவற்றை, குபெர்னெட்டீஸின் கட்டளைக் கருவியான குபெக்டிலின் 'அப்ளை' மூலம் கையால் போட வேண்டும். பழைய சிஆர்டியை நீக்கிவிட்டுப் புதியதைப் போடலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒரு சிஆர்டியை நீக்கினால் அந்த வகையில் நீங்கள் உருவாக்கிய அத்தனை பொருள்களும் அதோடு சேர்ந்து நீங்கிவிடும்.

இதேபோல, பழைய நிறுவலை அகற்றிவிட்டுப் புதிதாக நிறுவும் யோசனையும் வேண்டாம். கேட்வேக்கு வெளிமுகவரி தரும் லோடு பேலன்சர் வகை சர்வீஸ் அழிந்தால் வெளிமுகவரி மாறக்கூடும். டிஎன்எஸ் பதிவைத் திருத்தி, அது எல்லோரையும் போய்ச் சேரும்வரை காத்திருப்பது யாருக்கும் இனிமையான நேரமல்ல.

இப்போது காப்பு எடுங்கள். போஸ்ட்கிரெஸின் 'பிஜி டம்ப்' ஒன்று, காங்கின் அமைப்புகளைக் கையாளும் டெக் கருவியின் 'டம்ப்' ஒன்று. முதலாவது தரவுத்தளத்தை அப்படியே வைத்திருக்கும். இரண்டாவது வழித்தடங்களையும் செருகுநிரல்களையும் மனிதர் வாசிக்கக்கூடிய யாமல் கோப்பாகத் தரும். தரவுத்தளமே இல்லாமல் காங்கை ஓட்டுபவர்களுக்கு மைக்ரேஷன் தொல்லை இல்லை. யாமல் கோப்புகள் பத்திரமாக இருந்தால் போதும்.

படி 4: பாட் எப்படி விடைபெறுகிறது?

என் முதல் கேட்வே மேம்படுத்தலில் புதிய பதிப்பு குறையில்லாமல்தான் ஓடியது. ஆனால் ஒவ்வொரு பழைய பாட் போகும்போதும் சில விநாடிகளுக்கு 502 பிழைகள் வந்தன. வருகிற பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்; போகிற பாட்டை யாரும் கவனிக்கவில்லை.

ஒரு பாட்டை நீக்கச் சொன்னதும் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. ஒரு பக்கம் அந்த பாட்டின் முகவரி சர்வீஸின் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு, அந்தச் செய்தி எல்லா நோடுகளுக்கும் (கிளஸ்டரில் உள்ள கணினிகள்) போகிறது. மறுபக்கம் கன்டெய்னருக்கு நிறுத்தச் சைகை போகிறது. இரண்டில் எது முந்தும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கன்டெய்னர் முதலில் நின்றுவிட்டால், செய்தி கிடைக்காத நோடுகள் காலி அறையின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. காங்கின் அடித்தளமான என்ஜினெக்ஸ், 'சிக்டெர்ம்' சைகையை உடனே நிறுத்து என்று புரிந்துகொள்கிறது. கையில் இருக்கும் கோரிக்கைகளை முடித்துவிட்டு நிற்க அதற்கு 'சிக்குவிட்' வேண்டும்.

இதற்கு மருந்து 'ப்ரீஸ்டாப்' அமைப்பு. நிறுத்தச் சைகைக்கு முன் சுமார் 15 விநாடிகள் காத்திருந்து, பிறகு 'காங் குவிட்' மூலம் பக்குவமாக நிற்கச் சொல்ல வேண்டும். உங்கள் சார்ட்டில் இது ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள், யாரும் அதை மேலெழுதவில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். பாட்டுக்குக் கிடைக்கும் மொத்த அவகாசம் இயல்பாக 30 விநாடிகள். ப்ரீஸ்டாப்பின் காத்திருப்பும் அதற்குள்தான் அடங்குகிறது. உங்கள் மிக மெதுவான கோரிக்கை 30 விநாடி எடுக்கும் என்றால் 15-உம் 30-உம் சேர்ந்து 45 ஆகிவிடும். எனவே அவகாசத்தை 60 ஆக்குங்கள். வெப்சாக்கெட் போன்ற நீண்ட இணைப்புகள் எப்படியும் அறுபடும். மறுமுனையில் இருக்கும் செயலி மீண்டும் இணைந்துகொள்கிறதா என்பதை ஒத்திகையில் பாருங்கள்.

அடுத்து, பாட்கள் மாறும் வேகம். பாட்களை நிர்வகிக்கும் டிப்ளாய்மென்ட்டின் இயல்பு அளவுகளில், கூடுதலாக வரக்கூடியவையும் குறையக்கூடியவையும் தலா 25 விழுக்காடு. முன்னதை மேல்நோக்கியும் பின்னதைக் கீழ்நோக்கியும் முழு எண்ணாக்குவார்கள். நான்கு பாட்கள் இருந்தால் மூன்றாகக் குறைய அனுமதி உண்டு என்று பொருள். கேட்வேக்கு இந்தத் தாராளம் வேண்டாம். 'மேக்ஸ் அன்அவெய்லபிள்' 0, 'மேக்ஸ் சர்ஜ்' 1 என்று வையுங்கள். கூடவே 'மின் ரெடி செகண்ட்ஸ்' 60 என்று வைத்தால், ஒவ்வொரு புதிய பாட்டும் ஒரு நிமிடம் நின்று காட்டிய பிறகே அடுத்தது நகரும். அந்த ஒரு நிமிடம் படி 6-இல் கைகொடுக்கும்.

பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட் வைத்திருப்பது நல்லதுதான், ஆனால் அது நோடுகளைக் காலி செய்யும்போது காக்கும். டிப்ளாய்மென்ட்டின் பதிப்பு மாற்றத்தை அது கட்டுப்படுத்துவதில்லை.

படி 5: ஒத்திகை

கைண்ட் கருவியால் உங்கள் கணினியிலேயே சிறு கிளஸ்டர் ஒன்றை எழுப்பலாம். அதில் பழைய பதிப்பை நிறுவுங்கள். படி 3-இல் எடுத்த காப்பை அங்கே மீட்டெடுங்கள். மீட்டெடுத்துப் பார்க்காத காப்பைக் காப்பு என்று நான் கணக்கில் எடுப்பதில்லை. பிறகு மேம்படுத்தி, முக்கியமான வழித்தடங்கள் ஒவ்வொன்றையும் கர்ல் (கோரிக்கை அனுப்பும் கட்டளை) மூலம் தட்டிப் பாருங்கள். டோக்கனுடன் ஒருமுறை, டோக்கன் இல்லாமல் ஒருமுறை. டோக்கன் இல்லாத கோரிக்கைக்கு 401 (அனுமதி இல்லை) வர வேண்டிய இடத்தில் 200 (சரி) வந்தால், அது 502-ஐ விட மோசமான செய்தி.

அதன்பின் ரோல்பேக்கையும் ஒருமுறை செய்து பாருங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துவையுங்கள்.

படி 6: நேரடிக் கிளஸ்டரில்

ஆள்நடமாட்டம் குறைந்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் நள்ளிரவு வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் எடுக்கும் முடிவுகள் மீது எனக்கு நம்பிக்கை இல்லை. குழுவுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: மறு அறிவிப்பு வரும்வரை கேட்வே அமைப்புகளை யாரும் மாற்றக் கூடாது. மைக்ரேஷனின் இரண்டு கட்டங்களுக்கு நடுவே புதிதாக எதையும் எழுதாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. டெக்கைத் தானாக ஓட்டும் பைப்லைன் இருந்தால் அதையும் நிறுத்திவையுங்கள். பிறகு காப்பைப் புதிதாக ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாளரத்தில் கேட்வேயை விநாடிக்கு ஒருமுறை கர்லால் தட்டும் சுழற்சியை ஓடவிடுங்கள். பதிலின் நிலை எண்ணையும் 'வயா' தலைப்பையும் அச்சிடச் சொல்லுங்கள். இயல்பான அமைப்பில் அந்தத் தலைப்பில் காங்கின் பதிப்பு எண் இருக்கும். எந்தப் பதிப்பு பதில் சொல்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

இன்னொரு சாளரத்தில், சார்ட் பதிப்பை வெளிப்படையாகக் குறித்து 'ஹெல்ம் அப்கிரேட்' கொடுங்கள். மைக்ரேஷனின் முதல் கட்டம் ஓடி முடியும், பிறகு முதல் புதிய பாட் எழும். அது தயார் என்று காட்டியதும், அந்த ஒரு நிமிடத்துக்குள் 'குபெக்டில் ரோல்அவுட் பாஸ்' கொடுத்து நிறுத்துங்கள். இப்போது நான்கு பழையவை, ஒன்று புதியது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கோரிக்கைகள் புதியதிடம் போகும். எந்தக் கூடுதல் கருவியும் இல்லாமல் ஒரு சின்ன முன்னோட்டம் கிடைத்துவிட்டது.

இங்கே அவசரப்படாதீர்கள். நான் குறைந்தது 20 நிமிடம் உட்கார்ந்திருப்பேன். புதிய பாட்டின் பதிவுகளையும், 5-இல் தொடங்கும் பிழைகளையும், 404, 401 எண்ணிக்கையில் திடீர் ஏற்றத்தையும், நினைவகப் பயன்பாட்டையும் பார்ப்பேன். சராசரித் தாமதத்தைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். ஐந்தில் ஒன்று தடுமாறினாலும் சராசரி அதை மழுப்பிவிடும். மெதுவான 1 விழுக்காட்டுக் கோரிக்கைகளைப் பாருங்கள்.

எல்லாம் சரி என்றால் 'ரோல்அவுட் ரெஸ்யூம்' கொடுத்து, 'ரோல்அவுட் ஸ்டேட்டஸ்' மூலம் முடியும்வரை தொடருங்கள்.

சரியில்லை என்றால்

நிறுத்திவைத்த டிப்ளாய்மென்ட்டில் 'ரோல்அவுட் அண்டூ' வேலை செய்யாது. முதலில் ரெஸ்யூம் செய் என்று சொல்லும். பதற்றத்தில் ரெஸ்யூம் கொடுத்தால் கெட்ட பதிப்பு தன் பயணத்தைத் தொடரும். ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் 'ஹெல்ம் ஹிஸ்டரி' பார்த்து, பழைய திருத்த எண்ணுக்கு 'ஹெல்ம் ரோல்பேக்' கொடுங்கள். டிப்ளாய்மென்ட்டில் உள்ள பாட் வார்ப்பு (டெம்ப்ளேட்) பழையதாகிவிடும், பாட்கள் அசையாது. அதன்பின் ரெஸ்யூம் கொடுத்தால் புதிய பாட் மட்டும் விலகும். இரண்டாம் கட்ட மைக்ரேஷன் இன்னும் ஓடாததால் பழைய பதிப்பு அதே தரவுத்தளத்தில் தொடரும்.

காரணத்தை அங்கேயே தேட உட்காராதீர்கள். முதலில் திரும்புங்கள், பதிவுகளைப் பிறகு புரட்டலாம்.

படி 7: கதவை மூடுதல்

எல்லாப் பாட்களும் மாறியபின் ஒரு முழு உச்ச நேரம் கடக்கும்வரை காத்திருக்கிறேன். அதற்கு மேல் நீட்டினால், அமைப்புகளைத் தொடக் கூடாது என்ற கட்டுப்பாட்டை யாராவது மறந்துவிடுவார்கள். பிறகு 'மைக்ரேஷன்ஸ் ஃபினிஷ்' கட்டளையை ஒரு ஜாப் (ஒருமுறை ஓடி முடியும் வேலை) மூலமோ, புதிய பாட் ஒன்றின் உள்ளிருந்தோ ஓட்டுங்கள். இதற்குப் பின் பழைய பதிப்புக்குப் போக வேண்டுமானால் காப்பிலிருந்து தரவுத்தளத்தை மீட்பது மட்டுமே வழி. காப்பெடுத்த பிறகு செய்த மாற்றங்கள் போய்விடும்.

கடைசியாக டெக்கின் 'டிஃப்' ஓட்டி, கோப்பும் கேட்வேயும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். புதிய இமேஜ் எண்ணோடு மதிப்புகள் கோப்பைக் களஞ்சியத்தில் சேருங்கள். நிறுத்திவைத்த பைப்லைனைத் திரும்ப இயக்கிவிட்டு, அமைப்புகளை இனி மாற்றலாம் என்று குழுவுக்கு எழுதுங்கள். காப்புக் கோப்பை அடுத்த மேம்படுத்தல் வரை அழிக்க வேண்டாம்.