ஐப்பசி மழைக்கு முன்னாடி கம்பிவலை வேலியை சரி பண்றது எப்படி

எங்க தோட்டம் திருமங்கலம் தாண்டி கள்ளிக்குடி பக்கம், சுத்தக் கரிசல். வருஷத்துல பாதி நாள் காஞ்சு கெடக்குற பூமிதான், ஆனா ஐப்பசி கார்த்திகைல மழை புடிச்சுருச்சுன்னா வேலியோரம் நாள்கணக்குல தண்ணி நிக்கும், செயின் லிங்க் வேலி கெடுறது அங்கதான். மேல பாத்தா கம்பி புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும், அடில ஒரு ஜாண் உயரத்துக்கு செவந்து போயி கைல புடிச்சு முறுக்குனா ஒடியும். அதனால புரட்டாசில ஒரு நாள ஒதுக்கி வேலிய ஒரு சுத்து நடந்து வாங்க, மேல பாக்காதீங்க, குனிஞ்சு அடியப் பாருங்க.

முதல் வேலை மண்வெட்டி வேலை. போன மழைல அடிச்சுட்டு வந்த மண்ணு, சருகு எல்லாம் வலையோட அடி விளிம்ப மூடியிருக்கும், அத இழுத்துத் தள்ளி தரைக்கும் வலைக்கும் நடுவுல ரெண்டு இஞ்ச் இடைவெளி விடுங்க. நாய் நுழையும் கோழி போயிரும்னு யோசிச்சா அந்த இடத்துல வரிசையா கல்லப் போடுங்க, வலைய மட்டும் மண்ணுல புதைக்காதீங்க. உரமூட்டையையும் வேலியோரம் சாத்தி வைக்காதீங்க, உர உப்பும் ஈரமும் சேந்தா கம்பி சீக்கிரம் அரிச்சுரும். கோவைக்கொடி, வேலிப்பருத்தி, பிரண்டை படந்திருந்தா கண்ணுக்குக் குளிர்ச்சியாத்தான் இருக்கும் ஆனா மழை விட்டு நாளாகியும் அந்த இடம் காயாது. வேர்ல அறுத்து விட்டுட்டு ஒரு வாரம் காய விட்டு அப்பறம் உருவுங்க, பச்சையா இழுத்தா வலையும் சேந்து வளையும்.

அடுத்து துரு. வெள்ளையா பவுடர் மாதிரி பூத்திருந்தா அது மேல இருக்குற துத்தநாகப் பூச்சு அரிச்சது, இரும்பு இன்னும் நல்லாத்தான் இருக்கு, தண்ணி ஊத்தி தேங்காய் நார வச்சு தேச்சு விட்டாப் போதும், அங்க கம்பி பிரஷ் போட்டா இருக்குற பூச்சும் போயிரும். செவப்பா இருந்தாத்தான் இரும்புல துரு ஏறியிருக்குன்னு அர்த்தம், அங்க கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டு நல்லாத் தேச்சு, துடைச்சு, காஞ்ச வெயில்ல ஜிங்க் பெயிண்ட் ரெண்டு கோட் அடிங்க. ஜி.ஐ. கம்பி, அதாவது துத்தநாகம் பூசுன இரும்புக் கம்பி மேல நேரடியா சாதா எனாமல் அடிச்சா தோல் உரியிற மாதிரி உரிஞ்சுட்டு வரும், அதுக்குள்ள ஈரம் நின்னு இன்னும் மோசமாகும்.

ஒடிஞ்ச கம்பிக்கு வருவோம். நெறய பேர் ஓட்டைல துண்டுக் கம்பியக் குறுக்கும் நெடுக்குமா கட்டி விட்டுர்றாங்க, ஆடு ஒரு தடவ சாஞ்சா அது பிரிஞ்சுரும். செயின் லிங்க்ல மேலருந்து கீழ வரைக்கும் ஒவ்வொண்ணும் தனித்தனிக் கம்பி, ஸ்பிரிங் மாதிரி நெளிஞ்சு பக்கத்துக் கம்பியோட கோத்திருக்கும். பக்கத்துத் தோட்டத்து பெரியப்பா செஞ்சு காமிச்சப்பதான் எனக்கே இது வெளங்குச்சு. முதல்ல ரெண்டு பக்கமும் வலையக் கயிறு போட்டு போஸ்ட்டோட இழுத்துக் கட்டிருங்க, இல்லன்னா கம்பியக் கழட்டுனதும் வலை அங்கிட்டும் இங்கிட்டும் தொங்கிரும். அப்பறம் ஒடிஞ்ச கம்பியோட மேல்முனை, கீழ்முனை ரெண்டுலயும் இருக்குற மடிப்ப கட்டிங் பிளேயரால நிமித்திட்டு, மேல புடிச்சு போல்ட்டக் கழட்டுற மாதிரி பைய சுத்துங்க, தானா ஏறி வெளிய வரும். துருல இறுகிருந்தா நடுவுல வெட்டி ரெண்டு துண்டா எடுங்க. புதுக் கம்பிய அதே மாதிரி மேலருந்து சுத்தி எறக்கணும், ஒரு ஆள் கீழ ஒக்காந்து ஒவ்வொரு கண்ணுலயும் ரெண்டு பக்கமும் கோத்துக்கிட்டே வரணும், ஒரு கண்ணு தப்புனாலும் மறுபடி முதல்லருந்துதான். கேஜும் (கம்பியோட தடிமன்) கண்ணு அளவும் பழசோட ஒத்துப் போகணும், 10 கேஜ் வலைக்கு 10 கேஜ், ரெண்டு இஞ்ச் கண்ணுக்கு ரெண்டு இஞ்ச். முனைய மடிச்ச எடத்துல பூச்சு வெடிச்சிருக்கும், அங்க ஒரு தொடு ஜிங்க் பெயிண்ட்.

எங்க வேலிய போட்டவர் செஞ்ச தப்பு ஒண்ணு சொல்றேன். வலை நல்ல ஜி.ஐ., ஆனா போஸ்ட்ல கட்டுனது சென்ட்ரிங் வேலைக்குக் கட்டுற கறுப்புக் கட்டுக்கம்பி. ஒரே மழைக்காலம், அம்புட்டுக் கட்டும் துரு புடிச்சு அறுந்து நூறு அடிக்கு வலை தொங்கிருச்சு. கட்டுக்கும் ஜி.ஐ. கம்பியே வாங்குங்க, 14 கேஜ் போதும். செம்புக் கம்பி கைல இருக்குதேன்னு கட்டிறாதீங்க, ஈரத்துல செம்பு பட்ட எடத்துல துத்தநாகம் சீக்கிரம் கரைஞ்சுரும்.

போஸ்ட் சாஞ்சிருந்தா கரிசல்காரங்க இதக் கவனமாப் படிங்க. சித்திரைல வெடிப்பு விட்டு கால் லூசாகும், மழைல மண்ணு உப்பி அதத் தூக்கும். குழிய ரெண்டரை மூணு அடி தோண்டி, அடி அகலமா மேல குறுகலா இருக்குற மாதிரி எடுங்க, மேல அகலமா இருந்தா உப்புற மண்ணு கான்கிரீட்ட அப்டியே நெம்பி விட்டுரும். கான்கிரீட்டுக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ரெண்டு பங்கு மணல் நாலு பங்கு ஜல்லி, குழில தண்ணி இருந்தா எறச்சுட்டுப் போடுங்க. மேல் முகத்த நாலு பக்கமும் சரிவாப் பூசுங்க, ஆங்கிள் காலச் சுத்தி குழி மாதிரி விட்டா அங்கயே தண்ணி தேங்கி கால் அரிச்சுரும். ஏழு நாள் சாக்கு நனைச்சுப் போட்டு அப்பறம்தான் வலைய இழுத்துக் கட்டணும். மூலைக்கால்லதான் இழுவை அத்தனையும் இருக்கு, அதுக்கு ரெண்டு பக்கமும் முட்டு கட்டாயம் வேணும்.

காத்து மழை அடிச்ச மறுநாள் வேலியத் தொடுறதுக்கு முன்னாடி முழுசா ஒரு பார்வை பாருங்க, எங்கயாச்சும் ஈபி ஒயர் அறுந்து வலை மேல கெடந்தா மொத்த வேலிலயும் கரண்ட் இருக்கும், தள்ளி நின்னு மின்வாரியத்துக்குப் போன் பண்ணிட்டு ஆடு மாட்டயும் புள்ளைங்களயும் பக்கத்துல விடாதீங்க.

மிச்சமான வலைய, கழட்டுன நல்ல கம்பிய எல்லாம் தரைல போடாம கட்டை மேல நிமித்தி வச்சு காத்தோட்டமா விடுங்க, ஈரத்தோட சுருட்டி மூலைல போட்டா அடுத்த வருஷம் எடுக்குறப்ப வெள்ளை பூத்துப் போயிருக்கும்.