சர்ச் ஸ்கூலில் வொர்ஷிப் நடத்தச் சொல்லிவிட்டார்களா?

இங்கிலாந்தில் சர்ச் ஆஃப் இங்கிலாந்து பிரைமரி ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்த நம்மவர்களுக்கு என்றாவது ஒருநாள் இந்தச் செய்தி வரும்: வியாழக்கிழமை கலெக்டிவ் வொர்ஷிப் (பிள்ளைகள் ஒன்றாகக் கூடிச் செய்யும் வழிபாடு) உங்கள் முறை. ஊரில் மிஷன் பள்ளியில் படித்தவர்கள், வெயிலில் வரிசையாக நின்று ஜெபம் சொல்லிவிட்டு வகுப்புக்குள் ஓடிய ஞாபகத்தில், இதிலென்ன இருக்கிறது என்று நினைப்பார்கள். இங்கே நடைமுறை கொஞ்சம் வேறு.

முதலில் சட்டம், சுருக்கமாக. தினமும் வழிபாடு நடக்க வேண்டும் என்பது 1944 கல்விச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. அப்போது காலையில்தான் நடத்த வேண்டும். 1988-க்குப் பிறகு நாளில் எந்த நேரமும் வைத்துக்கொள்ளலாம். தங்கள் பிள்ளை கலந்துகொள்ள வேண்டாம் என்று பெற்றோர் சொன்னால் பள்ளி ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும், காரணம் சொல்லவேண்டியதில்லை. ஆகவே யாராவது ஒரு பிள்ளை வராவிட்டால் ஏன் என்று துருவாதீர்கள்.

சட்டத்தைவிட முக்கியமானது, ஹாலில் உங்கள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது யார் என்பது. 4 வயதிலிருந்து 11 வயது வரை, அதில் இந்து, முஸ்லிம், எந்த மதமும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லாரும் இருப்பார்கள். லண்டன் பக்கம் என்றால் நம் தமிழ்ப் பிள்ளைகளும் நிறைய. அதனால் வழிபாடு கிறிஸ்தவ வழிபாடாகவே இருக்கும், ஆனால் யாரையும் நம்பச் சொல்லிக் கட்டாயப்படுத்தாது. ஜெபத்துக்கு முன் நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நான் ஒரு ஜெபம் சொல்கிறேன். அது உங்கள் ஜெபமாகவும் இருக்கட்டும் என்று நினைத்தால் கடைசியில் ஆமென் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அமைதியாக உட்கார்ந்து யோசியுங்கள்." எல்லாரும் கைகூப்புங்கள், கண்ணை மூடுங்கள் என்று அதட்டுவது நம் ஊர்ப் பழக்கம். அதை விட்டுவிடுங்கள்.

சரி, நடத்துவது எப்படி? மொத்தம் 15, 20 நிமிடம்தான். பிள்ளைகள் உள்ளே வரும்போது மெல்லிய இசை ஓடட்டும், முன்மேசையில் அந்தத் திருச்சபைக் காலத்துக்கான நிறத்தில் துணி (கிறிஸ்துமஸுக்கு வெள்ளை, தவக்காலத்துக்கு ஊதா), அதன்மேல் மெழுகுவர்த்தி. அதை ஏற்ற ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கள். தீ பற்றிய கவலையில் பல பள்ளிகளில் பேட்டரி மெழுகுவர்த்திதான், அதுவும் போதும். "கர்த்தர் உங்களோடு இருப்பாராக" என்கிற வாழ்த்தை ஆங்கிலத்தில் நீங்கள் சொல்ல, பிள்ளைகள் பதில் சொல்வார்கள்.

அப்புறம் கதை. ஒரே கதை, ஒரே கருத்து. இயேசு கடலில் புயலை அடக்கியதை எடுத்துக்கொண்டால், படம் போட்டு விளக்கிக்கொண்டே போகாமல் மழையைப் பிள்ளைகளையே செய்ய வையுங்கள்: முதலில் உள்ளங்கைகளைத் தேய்க்கச் சொல்லுங்கள், அடுத்து ஒரு விரலால் தரையில் தட்டு, பிறகு இரண்டு விரல், கடைசியில் எல்லாரும் தொடையில் படபடவென்று அடிக்கட்டும். ஹாலே அதிரும்போது படகில் தலையணை வைத்து ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லுங்கள். சிரிப்பார்கள். சட்டென்று கையை உயர்த்துங்கள். அந்த நிசப்தத்தில் பேசாதீர்கள், மனதுக்குள் பத்து எண்ணுங்கள், ஏனென்றால் நீங்கள் அரைமணி நேரம் விளக்கினாலும் சொல்ல முடியாததை அந்தச் சில விநாடிகள் சொல்லிவிடும். பிறகு ஒரு கேள்வி மட்டும்: பயமாக இருக்கும்போது நீங்கள் யாரிடம் போவீர்கள்? பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசட்டும். இரண்டு மூன்று பேரைக் கேட்டால் போதும், கை தூக்கிய எல்லாருக்கும் வாய்ப்புக் கொடுத்தால் ரிசப்ஷன் (4, 5 வயதுக்கான முதல் வகுப்பு) குழந்தைகள் தரையில் புரள ஆரம்பித்துவிடுவார்கள்.

ஜெபத்தை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை முந்தினநாளே எழுதச் சொல்லுங்கள். இவர்களே முன்நின்று நடத்துவதைச் சர்ச் பள்ளிகளை ஆய்வு செய்ய வரும் சியாம்ஸ் ஆய்வாளர்களும் விரும்பிக் கவனிப்பார்கள். பாட்டு ஒன்று, கையசைவோடு இருந்தால் சின்னவர்களுக்குக் கொண்டாட்டம்.

முடிக்கும்போது அன்றைக்குச் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள், உதாரணமாக இடைவேளையில் தனியாக நிற்கிற ஒருவரோடு போய் விளையாடுவது. மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு வகுப்பு வகுப்பாக எழுப்புங்கள், சின்னவர்கள் முதலில். வழிபாடு மதிய வேளையை ஒட்டி என்றால் நேரத்தைத் தாண்டாதீர்கள். பெரும்பாலும் அதே ஹால்தான் சாப்பாட்டு அறையும், மேசை விரிக்க வந்தவர்கள் கதவருகே காத்துக்கொண்டிருப்பார்கள்.