டிவிடிக்குப் பாஸ்வேர்ட்: பூட்டியதாக நினைத்து ஏமாற வேண்டாம்

டிவிடி பிளேயரில் போட்டால் படம் ஓட வேண்டும், ஆனால் முதலில் பாஸ்வேர்ட் கேட்க வேண்டும். வீடியோ டிஸ்க் தயாரிக்கும்போது பலரும் எதிர்பார்ப்பது இதைத்தான். இந்த இரண்டும் ஒரே டிஸ்க்கில் சேராது. டிவிடி-வீடியோ தரநிலையில் பார்ப்பவர் கொடுக்கும் பாஸ்வேர்டால் படத்தைத் திறப்பது என்ற ஏற்பாடே கிடையாது. இது தெரியாமல் செய்யும் தவறுகளே அதிகம்.

மெனுவில் எண் கேட்பதைப் பூட்டு என்று நம்புவது

டிவிடி மெனுவில் நான்கு இலக்க எண் கேட்கும்படி செய்ய முடியும். பிளேயரில் 16 பொது நினைவு இடங்கள் உண்டு. அழுத்திய எண்களை அவற்றில் சேர்த்து, சரியாக இருந்தால் படத்துக்குத் தாவு, இல்லையென்றால் மெனுவுக்குத் திரும்பு என்று கட்டளை எழுதலாம். பார்க்க அசல் பூட்டு போலவே இருக்கும். ஆனால் அது வழிகாட்டும் பலகை மட்டுமே. படத்தின் தரவில் ஒரு எழுத்துகூட மாறுவதில்லை. அதே டிஸ்க்கைக் கணினியில் போட்டு வீடியோ_டிஎஸ் ஃபோல்டரைத் திறந்தால், தலா 1 ஜிபி வரை பிரிக்கப்பட்ட விஓபி ஃபைல்கள் வரிசையாக நிற்கும். உள்ளே இருப்பது சாதாரண எம்பெக்-2 வீடியோ. விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரில் இழுத்துப் போட்டால் ஓடிவிடும், மெனுவே வராது. ரிமோட் பொத்தான்களை முடக்கும் தடைகளையும் பல கணினி பிளேயர்கள் பொருட்படுத்துவதில்லை. பிள்ளைகள் தெரியாமல் அழுத்திவிடாமல் இருக்க இது போதும். ரகசியம் காக்கப் போதாது.

பெற்றோர் கட்டுப்பாடும் இதே கதைதான். டிஸ்க்கில் இருப்பது 1 முதல் 8 வரையிலான ஒரு நிலை எண் மட்டும். பாஸ்வேர்ட் இருப்பது பிளேயரில். கட்டுப்பாடு போடாத வேறொரு பிளேயரில் அதே டிஸ்க் தடையின்றி ஓடும்.

சினிமா டிஸ்க்கின் பாதுகாப்பு நமக்கும் கிடைக்கும் என்று நினைப்பது

கடைகளில் விற்கும் சினிமா டிவிடிகளில் சிஎஸ்எஸ் என்ற மறையாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவைக் குலைத்து எழுதுவது) இருக்கும். அதன் சாவி 40 பிட் மட்டுமே, 1999-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. அது பார்ப்பவரிடம் பாஸ்வேர்ட் கேட்பதும் இல்லை, சாவி பிளேயருக்குள்ளேயே இருக்கிறது. சாதாரண வெற்று டிஸ்க்கில் அந்தச் சாவி எழுதவேண்டிய பகுதியை நம் டிரைவால் எழுதவும் முடியாது.

ஃபோல்டரை மறைத்து வைப்பது, பழைய செஷனை (ஒரே தடவையில் டிஸ்க்கில் எழுதிய பகுதி) புதிய செஷனால் மூடுவது ஆகியவையும் வீண். டிஸ்க்கை ஆராயும் மென்பொருள்கள் எல்லா செஷனையும் காட்டிவிடும். பாஸ்வேர்ட் கேட்கும் ஒரு எக்ஸ்இ ஃபைலை டிஸ்க்கில் வைத்தாலும், பக்கத்திலேயே வீடியோ மறையாக்கம் இல்லாமல் கிடந்தால் கதவை விட்டுச் சன்னல் வழியே உள்ளே போவதுதான்.

முதலில் மறையாக்கம், பிறகு பர்ன்

உண்மையான பாதுகாப்பு வேண்டுமென்றால் வீடியோ ஃபைலையே மறையாக்கம் செய்து, அதை டேட்டா டிஸ்க்காக எழுத வேண்டும். அந்த டிஸ்க் டிவிடி பிளேயரிலோ டிவியிலோ ஓடாது, கணினி தேவை. இந்த விலையை ஒப்புக்கொண்டால் இரண்டு நல்ல வழிகள் உண்டு.

ஃபைல்களைச் சுருக்கிப் பாஸ்வேர்டால் பூட்டும் 7-ஜிப் மென்பொருளில் செய்வதாக இருந்தால் 7இசட் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். பழைய ஜிப் மறையாக்கம் பலவீனமானது. உள்ளே உள்ள ஃபைலின் ஒரு சிறு பகுதி தெரிந்தாலே அதை உடைக்கும் முறை 1994 முதல் உண்டு. ஃபைல் பெயர்களையும் மறைக்கும் தேர்வை டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் உள்ளே என்ன வீடியோ என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது என்பதால் அமுக்கம் வேண்டாம், 'ஸ்டோர்' போதும். ஒரு குறை: பார்ப்பவர் படத்தை ஆர்க்கைவிலிருந்து (அந்த 7இசட் ஃபைலிலிருந்து) நேரடியாகத் திறந்தால் முழு ஃபைலும் தற்காலிக ஃபோல்டரில் விரியும். பிறகு அழித்தாலும் அது வெறும் டெலீட்தான், மீட்க வாய்ப்புண்டு.

அந்தக் குறை வெராகிரிப்ட் என்ற மறையாக்க மென்பொருளில் இல்லை. எங்களுக்குப் பிடித்ததும் அதுதான். 4.7 ஜிபி டிஸ்க் விண்டோஸ் கணக்கில் சுமார் 4.38 ஜிபிதான். அதனால் 4,300 எம்பி அளவில் ஒரு கன்டெய்னர் (பாஸ்வேர்டால் திறக்கும் பெட்டி போன்ற ஒற்றை ஃபைல்) உருவாக்கி, உள்ளே எக்ஸ்ஃபேட் ஃபார்மட் கொடுங்கள். மவுன்ட் செய்து (பாஸ்வேர்ட் கொடுத்துத் தனி டிரைவ் போலத் திறந்து) வீடியோவை நகலெடுத்து, டிஸ்மவுன்ட் செய்த (மூடிய) பிறகே பர்ன் செய்ய வேண்டும். கன்டெய்னர் 4 ஜிபியைத் தாண்டுவதால் டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டம் யுடிஎஃப் ஆக இருக்கட்டும். பார்க்கும் இடத்தில் ரீட்-ஒன்லி தேர்வுடன் மவுன்ட் செய்தால் வீடியோ நேராக ஓடும். வெராகிரிப்ட் நிறுவப்படாத விண்டோஸ் கணினியில் அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி தேவைப்படும். அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் இங்கேதான் சிக்கல் வரும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதியதும் சரிபார்ப்பை ஓடவிட்டு, இன்னொரு கணினியிலும் திறந்து பாருங்கள். கன்டெய்னரைத் திறக்கும் சாவி இருக்கும் தலைப்பகுதி கெட்டால் சரியான பாஸ்வேர்டும் செல்லாது. அதன் பிரதி கன்டெய்னரின் கடைசியில் இருக்கிறது, அதாவது டிஸ்க்கின் வெளி விளிம்பை ஒட்டி. விரல் படும் இடம் அது. டிஸ்க்கை விளிம்பு வரை நிரப்பாதீர்கள்.

சின்ன பாஸ்வேர்ட்

வங்கி இணையதளத்தில் மூன்று முறை தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும். டிஸ்க்கில் அப்படித் தடுக்க ஆளில்லை. கையில் டிஸ்க் இருப்பவர் எத்தனை நாளும் முயன்றுகொண்டே இருக்கலாம். நான்கு இலக்கம் என்றால் 10,000 சேர்க்கைகள்தான், கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆறு சொற்களைக் குலுக்கல் முறையில் எடுத்துச் சேர்த்தால் நினைவிலும் நிற்கும், உடைக்கவும் முடியாது. அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். தமிழ் எழுத்தில் வைத்தால் 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரு விசைப்பலகை ஒற்றைக் குறியாகவும் இன்னொன்று இரண்டு குறிகளாகவும் பதியக்கூடும். திரையில் ஒன்றுபோல் தெரிந்தாலும் பாஸ்வேர்ட் வேறாகிவிடும்.

பாஸ்வேர்டை உறையில் எழுதி அனுப்பாதீர்கள், தொலைபேசியில் சொல்லுங்கள். ஒருமுறை எழுதிய டிஸ்க்கின் பாஸ்வேர்டை மாற்றவோ காலாவதியாக்கவோ முடியாது என்பதால், பத்து பேருக்குக் கொடுப்பதென்றால் பத்து தனித்தனி கன்டெய்னர் உருவாக்குங்கள். ஒரே கன்டெய்னரை நகலெடுத்துப் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் உள்ளிருக்கும், தரவை உண்மையில் பூட்டும் மூலச்சாவி மாறுவதில்லை. திறந்து பார்க்கும் உரிமை பெற்றவர் திரையைப் பதிவு செய்வதை எந்தப் பாஸ்வேர்டும் தடுக்காது. அது தபாலில் தொலையும் டிஸ்க்குக்கான காவல் மட்டுமே.

பர்ன் கெட்டுப்போன டிஸ்க்கையும் மறக்காதீர்கள். அழித்து மீண்டும் எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க்கை 'விரைவு அழிப்பு' செய்தால் வீடியோவின் பெரும்பகுதி அப்படியே கிடக்கும், முழு அழிப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை மட்டும் எழுதும் டிஸ்க்கைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள்.