வாயிலிலேயே நேர்ந்துவிடும் தவறுகள்: திருகோணமலையைச் சுற்றிப் பார்க்க வருவோருக்கு

திருகோணமலைக்கு வருவோர் செய்யும் தவறுகளிற் பெரும்பாலானவை மலையுச்சியிலோ நடுக்கடலிலோ நேர்வதில்லை. வாகனத்தை விட்டு இறங்கும் இடத்திலேயே அவை நேர்ந்து முடிந்துவிடுகின்றன. பிரெட்ரிக் கோட்டையின் வாயில், நிலாவெளியில் படகேறும் கரை, கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் முன்றில் ஆகியவை அத்தகைய தொடக்க இடங்கள். குடிநீர், மலசலகூடம், அறிவித்தற் பலகை, குப்பைத் தொட்டி போன்ற வசதிகளிற் கிடைக்கக்கூடியவை இவ்விடங்களிலோ, இவற்றுக்கு வரும் வழியிலோதான் கிடைக்கும். அப்பால் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவதே முதல் தவறு. முதியவர்களையும் சிறுவர்களையும் அழைத்து வருவோரை அது மிகவும் வருத்தும்.

கோட்டை வாயிலிலிருந்து கோணேசர் ஆலயத்துக்கு ஏறும் பாதை ஒரு சாராருக்கு மட்டும் உரியதன்று. அடியார்களும் சுற்றுலாப் பயணிகளும் நடந்து செல்வர். முச்சக்கர வண்டிகளும் சைக்கிள்களும் கோட்டைக்குள் இருக்கும் படையினரின் வாகனங்களும் அதே பாதையில் ஓடும். இவற்றுக்கிடையே புள்ளிமான்கள் அச்சமின்றி மேயும். நடப்பவர்கள் பாதையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு போவதும், ஓட்டுநர்கள் வளைவுகளில் வேகத்தைக் குறைக்காமல் ஏறுவதும் இங்கே அன்றாடம் காணும் தவறுகள். நடப்பவர்கள் எதிரே வரும் வாகனத்தைக் காணத்தக்கவாறு வலப்பக்க ஓரமாகச் செல்வதே பாதுகாப்பானது. வாகனத் தரிப்பிடத்தில் நிழலைத் தேடிச் சென்று, பேருந்துகள் திரும்ப வேண்டிய வெளியில் வண்டியை நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. யாராவது மயங்கி விழுந்து 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வந்தாலும், அது திரும்ப இடமில்லாமல் நின்றுவிடும்.

அவசரமாக வாகனத்திலேயே உள்ளே போய்விடுவோர் இழப்பதும் உண்டு. 1624இல் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களையும் கொண்டு எழுப்பிய கோட்டை இது. வாயிற்கல்லில் இரட்டை மீன் இலச்சினையும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் இன்றும் இருக்கின்றன. வாயிலில் இறங்கி நடப்பவருக்கே அவை கண்ணிற் படும்.

மான்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அன்பினால் செய்யப்படும் தவறு அது. பிஸ்கட்டும் சோறும் கொடுத்துப் பழக்கிய மான், மனிதர் கையிலிருக்கும் பையையே உணவாகக் கருதத் தொடங்கிவிடுகிறது. உப்பும் எண்ணெயும் மணக்கும் பொலித்தீன் பையை அது விழுங்கினால், அசைபோடும் விலங்கின் இரைப்பையில் அந்தப் பை செரிக்காமல் தங்கிவிடும். வயிறு நிறைந்திருப்பதாக உணரும் மான் தீனெடுக்காமல் மெலிந்து இறந்துபோகும். நிரம்பி வழியும் குப்பைத் தொட்டியின் அருகே பையை முடிந்து வைத்துவிட்டுப் போவதும் இதற்கு ஒப்பானதே. சிறிது நேரத்தில் காகமும் நாயும் அதைக் கிழித்து மானின் வாய்க்கு எட்ட வைத்துவிடும். சோற்றுப் பார்சல் சுற்றும் பொலித்தீன் தாள் 2017இல் தடைசெய்யப்பட்டது என்றாலும் புற்றரையில் அதனை இன்னும் காண்கிறோம். கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுபோக ஒரு வெறும் பையை வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வைகாசி முதல் ஆவணி வரை வருவோர் வெயிலைப் பிழையாகக் கணிக்கின்றனர். அக்காலத்தில் வீசும் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று, மழையை மேற்கிலும் மலைநாட்டிலும் கொட்டிவிட்டு, வறண்டு சூடேறி இங்கே வந்து சேர்கிறது. வியர்வை அரும்பிய உடனேயே உலர்ந்துவிடுவதால் உடலிலிருந்து நீர் போவதே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருந்தால் தலைவலிதான் முந்திக்கொள்ளும். மேலும், ஆலயத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும். நண்பகலில் கருங்கல்லில் வெறுங்காலுடன் நடக்க முடியாமல் என் பெரியம்மா சுவரோரத்தில் நின்று கண்ணீர் விட்டதைப் பார்த்த பின், காலை 9 மணிக்கு முன்னரோ பொழுது சாய்ந்த பின்னரோ அன்றி நான் யாரையும் அங்கே அழைத்துச் செல்வதில்லை. ஆலயத்தின் அருகே இராவணன் வெட்டு எனப்படும் செங்குத்தான பாறைப் பிளவின் பக்கத்தில் படம் எடுப்பதற்காகத் தடுப்பைத் தாண்டுவதை ஒருபோதும் செய்யக்கூடாது.

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாத்தீவு, 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. படகுக் கூலியும் வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டும் வெவ்வேறானவை என்பதை அறியாமல் கரையில் வாக்குவாதப்படுவோர் பலர். திரும்பும் நேரத்தைப் படகோட்டியுடன் பேசி முடிக்காமலும், உயிர்காப்பு அங்கியை அணியாமல் மடியில் வைத்துக்கொண்டும் படகேறக்கூடாது. தண்ணீரையும் கரையிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.

புறாத்தீவில் பலரும் அறியாமற் செய்யும் பெருந்தவறு, களைத்தவுடன் முருகைக்கற்பாறையின் (பவளப்பாறையின்) மேல் எழுந்து நிற்பதாகும். அது கல்லைப் போலத் தோன்றினாலும் அதன் மேற்புறத்தில் உயிருள்ள நுண்ணுடல்கள் இருக்கின்றன. கட்டியான முருகை ஓராண்டில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளர்கிறது. ஒருவர் காலூன்றும் ஒரு கணத்தில் பல ஆண்டு வளர்ச்சி முறிந்துவிடுகிறது. நீந்தத் தெரியாதவர்கள் ஆழமற்ற மணற்பகுதியிலேயே நின்றுகொள்ளலாம், அதில் குறைவொன்றுமில்லை. உடலெங்கும் வெயில் தடுப்புக் களிம்பு பூசிக்கொண்டு நீரில் இறங்குவதைவிட முழுக்கைச் சட்டை அணிவது முருகைக்கும் தோலுக்கும் நல்லது. செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்களைக் கண்டு பதறிக் காலை உதைக்க வேண்டாம். அவை தாமாகவே விலகிப் போகும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் முருகைத் துண்டுகளை நினைவுக்காக எடுத்து வருவதும் தவறாகும்.

கச்சான் காலத்துக் கடல் குளத்தைப் போல அமைதியாகக் கிடப்பதற்குக் காரணம், காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதுதான். அதே காற்று, காற்றடைத்த மிதவையில் படுத்திருக்கும் பிள்ளையைச் சத்தமின்றி வெளியே கொண்டுபோய்விடும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அத்தகைய மிதவைகளைச் சிறுவருக்குக் கொடுக்காதீர்கள். மார்கழியில் வாடைக்காற்று வீசும் காலத்திலோ கடல் கொந்தளித்திருக்கும்; கரைக்கு வந்த அலைநீர் ஒடுங்கிய வழியொன்றில் வேகமாகத் திரும்பி ஓடும்போது அதில் அகப்பட்டவர், கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாக நீந்தி விலகிய பின்னரே கரையேற முயல வேண்டும்.

கன்னியாவைப் பற்றிச் சொல்லக் கொஞ்சமே இருக்கிறது. அங்குள்ள ஏழு கிணறுகளும் ஆழமற்றவை. வாளியால் மொண்டு தள்ளி நின்று குளிக்க வேண்டுமே தவிர, கிணற்றுக்குள் இறங்கவோ சவர்க்கார நுரை உள்ளே வழிந்தோட விடவோ கூடாது. ஒவ்வொரு கிணற்றின் சூடும் ஒரே அளவினதன்று. ஆகவே குழந்தையின் தலையில் ஊற்றுமுன் அந்தக் கிணற்று நீரையே உங்கள் முழங்கையில் விட்டுப் பாருங்கள்.